சேர்ந்து திறக்க வேண்டிய கதவு

திருமயம் பக்கத்துக் கிராமத்தில் உடையப்பன் மினி பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை பத்து மணி. தோளில் ஒரு பை, முகத்தில் நான்கு வருடச் சலிப்பு. மூன்று டேட்டிங் ஆப்களையும் போனிலிருந்து அழித்துவிட்டு, பத்து நாள் யாரோடும் பேசாமல் படுத்துக் கிடக்கலாம் என்று சென்னையிலிருந்து பூர்வீக வீட்டுக்கு வந்திருந்தான்.

பாவம், களைத்துத்தான் போயிருந்தான். என்ன வேலை, மலையா கடலா, காபியா டீயா என்று ஒரே பாட்டைப் பதினோரு பெண்களிடம் பாடினால் யாருக்குத்தான் தொண்டை கட்டாது? ஒவ்வொருத்தியிடமும் மூன்றாவது வாரம் அலுப்புத் தட்டும். உடனே பதில் போடுவதை நிறுத்திவிடுவான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட அவனுக்குச் சோம்பல். அந்தப் பதினோரு பேரும் களைத்திருப்பார்கள் என்று ஒருநாளும் அவனுக்குத் தோன்றியதில்லை.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் செவந்தி வாசல் கதவைத் திறந்துவிட்டாள். நடுவில் முற்றம், சுற்றிலும் வரிசையாக அறைகள். மகன்களுக்குக் கல்யாணமானால் ஆளுக்கொரு அறை என்பது அந்த வீட்டு வழக்கம். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஜோடியாக வந்துதான் அதைத் திறக்க வேண்டும். உடையப்பனுக்கென்று ஒதுக்கிய அறை மேற்கு மூலையில் முப்பது வருடமாகப் பூட்டிக் கிடந்தது.

அதை வைத்துத்தான் அவன் பிழைப்பே ஓடியது. "எங்க ஊர் வீட்டுல எனக்குன்னு ஒரு ரூம் பூட்டியே கெடக்கு. நீயும் நானும் சேந்துதான் அதைத் தொறக்கணும்." முதல் பெண்ணிடம் மனதாரத்தான் சொன்னான். அவள் உருகிப் போனாள். மற்ற பத்துப் பேருக்கும் அதையே காப்பி பேஸ்ட் செய்து அனுப்பினான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெயில் தாங்க முடியவில்லை.

"செவந்திக்கா, அந்த மேற்கு ரூம் சாவியக் குடுங்க. அங்க குளுகுளுன்னு இருக்கும்."

"ஒத்தையில தொறக்கக் கூடாது தம்பி. ஆச்சிக்குத் தெரிஞ்சா என்னைய வைவாங்க." உடையப்பனின் அம்மாவை அவள் ஆச்சி என்றுதான் சொல்வாள்.

"ஜோடியெல்லாம் எனக்கு இனிமே கெடையாதுக்கா. சலிச்சுப் போச்சு. குடுங்க."

சுவர் ஆணியிலிருந்து நீளமான இரும்புச் சாவியை எடுத்தவள், கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"போன மாசி மாசம் ஒரு பொண்ணு வந்துச்சு தம்பி. ஒங்க போட்டோவக் காட்டி, இவரு வீடு இதுதானேன்னு கேட்டுச்சு. அந்தக் கதவ மட்டும் பாத்துட்டுப் போறேன்னு அழுதுச்சு. நான் முடியாதுன்னுட்டேன். பஸ் ஸ்டாப்புல மூணு மணி நேரம் போனையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்துச்சாம். எந்திரிச்சு ரோட்டத் தாண்டையில லாரி அடிச்சு அங்கயே உசுரு போயிருச்சு. பேரு ரஞ்சிதான்னு சொன்னாங்க. ஒங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணா?"

ரஞ்சிதா அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி. அன்றைக்கு அவளிடமிருந்து ஒன்பது செய்திகள். 'உங்க ஊருக்கு வந்திருக்கேன். ஒரு வார்த்தை பேசுங்க.' ஒன்பதையும் படித்தான். ஆபீஸ் மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டதென்று நம்பரை பிளாக் செய்துவிட்டுப் போனான்.

"எனக்குத் தெரியாதவங்கக்கா" என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டான்.

பூட்டு கொஞ்சமும் முரண்டு பிடிக்கவில்லை. நேற்றுத்தான் எண்ணெய் விட்டதுபோலச் சுலபமாகத் திறந்தது. சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு உள்ளே போனான்.

ஜன்னல் இல்லாத அறை. புழுங்கிய வாடை வரும் என்று எதிர்பார்த்தான். டீசல் நாற்றம் வந்தது. அதோடு வெயிலில் உருகிய தார் நாற்றம். போன் வெளிச்சத்தைக் காட்டினான். தரையில் ஒரு புதுப் பாய் விரித்திருந்தது.

பாயில் இரண்டு தலையணைகள்.

செவந்தி விரித்து வைத்திருப்பாள் என்று நினைத்தான். முப்பது வருடமாகத் திறக்காத அறைக்குள் செவந்தி எப்படி வந்திருப்பாள் என்பது ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

வெளியே சாவி திரும்பியது.

காதோரம் சூடாக ஒரு மூச்சு பட்டது. "சேந்துதான தொறக்கணும்னீங்க?"

உடையப்பன் கதவில் மோதினான். இரண்டு கையாலும் அறைந்தான். கதவுக்கு அந்தப் பக்கம் செவந்தி போனில் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"ஆமாங்க ஆச்சி, தம்பி இப்பத்தான் கெளம்பிப் போறாங்க. கூட ஒரு பொண்ணும் போகுது. தம்பி கைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டுப் போகுது. எனக்கே தெரியாம எப்ப வந்துச்சோ."

அவன் தொண்டை கிழியக் கத்தினான். செவந்தியின் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அம்மாவுக்குச் செய்தி அடித்தான்: 'ஆத்தா, நான் மேற்கு ரூம்ல மாட்டிக்கிட்டேன். கதவத் தொறக்கச் சொல்லுங்க.'

இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. அம்மா படித்துவிட்டாள்.

பதில் வரவில்லை.

மறுபடி அனுப்பினான். மறுபடியும் மறுபடியும் அனுப்பினான். ஒன்பது செய்திகள். ஒன்பதுக்கும் நீலக் குறி விழுந்தது, ஒன்றுக்கும் பதில் இல்லை.

"ரஞ்சிதா, மன்னிச்சிரு. தப்புதான். என்னைய விட்டுரு."

"தெரியாதவங்கன்னீங்களே."

அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவனை உலுக்கியது.

"ஒரு மூணு மணி நேரம் போனையே பாத்துக்கிட்டு இருங்க. அதுக்கப்புறம் பழகிரும்."

வெளியே சாவியை ஆணியில் மாட்டும் சத்தம் கேட்டது. செவந்தியின் காலடி முற்றத்தைத் தாண்டிப் போனது. பேட்டரி தீர்ந்து போன் அணைந்தது. பாயில் யாரோ சாவகாசமாகக் கால் நீட்டிப் படுக்கும் சரசரப்பு எழுந்தது.

அன்று சாயங்காலம், ஒருவரையொருவர் அறியாத பத்துப் பெண்களுக்கு உடையப்பனின் எண்ணிலிருந்து ஒரே செய்தி போயிற்று.

'ரூம் தொறந்தாச்சு. இனிமே யாரும் காத்திருக்க வேணாம்.'