இளங்காரியின் இடது கணுக்கால்

மேற்கே மூங்கிற்காட்டுக்குப் பின்னால் கதிரவன் இறங்கிக்கொண்டிருக்க, கிழக்கே முழுமதி எழும்பிக்கொண்டிருக்க, இருவரில் யாருக்கு முதல் மரியாதை செய்வது என்று அறியாத வெள்ளாறு, பாதிப் பொன்னும் பாதி வெள்ளியுமாகச் செங்கழனிக் கோட்டையின் மதிலை உரசியபடி ஓடிக்கொண்டிருந்தது. அந்த அழகைக் காண, நோயாளிகளைப் பேணும் ஆதுலசாலையின் சாளரத்தைவிடச் சிறந்த இடம் கோட்டையில் வேறில்லை. ஆனால் சாளரத்தருகே இடது காலை நீட்டிப் படுத்திருந்த இளைஞனோ, கரையில் கட்டிக் கிடந்த பரிசலைத்தான் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

வெற்றிலை வணிகன் என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்திருந்த அவன் பெயர் இளங்காரி. அக்கரையிலிருக்கும் நெடுங்குடியின் ஒற்றன். செங்கழனிப் படை எந்தத் துறையில் ஆற்றைக் கடக்கப் போகிறது என்று அறிந்து சொல்வது அவன் பொறுப்பு. கோட்டைக்குள் தங்க ஒரு சாக்கு வேண்டுமே! கடைவீதியில் கால் சுளுக்கிவிட்டதாக விழுந்து புரண்டான். எண்ணியபடியே ஆதுலசாலையில் கொண்டு வந்து கிடத்தினார்கள். அங்கே படுத்திருந்த வீரர்கள் மருந்துக்குத் திறந்ததைவிடப் பேச்சுக்கே அதிகமாக வாயைத் திறந்ததால், விடியற்காலையில் மருதந்துறை வழியாகப் படை இறங்கும் என்பதும் தெரிந்துவிட்டது.

அன்பார்ந்த வாசகர்களே, இவ்வளவு கெட்டிக்காரன் ஒன்றை மட்டும் விசாரிக்க மறந்துபோனான். இந்த ஆதுலசாலைக்கு நொண்டிக்கொண்டு வந்தவன் நொண்டிக்கொண்டு திரும்பினால் அது அரச குலத்துக்கே இழுக்கு என்று செங்கழனியில் ஒரு வழக்கம் உண்டு. கோட்டை வாயிலில் பதித்திருக்கும் கருங்கல்லை, அடிபட்ட காலால் ஓங்கி மிதித்துக் காட்டினால்தான் கதவு திறக்கும். காலையில் ஊரைக் கூட்டி அலறியவன் மாலையில் எழுந்து கல்லை மிதித்தால் யார்தான் நம்புவார்கள்?

கோட்டைத் தலைவர் மழவரையர் ஏற்கெனவே நம்பவில்லை. தம் பெரிய மீசையை நீவிக்கொண்டு அவர் உள்ளே வந்தார். கூடவே வந்தவள் பூதி நங்கை. அறுவை மருத்துவம் செய்யும் அரண்மனைச் சல்லிய வைத்தியரின் மகள். தந்தை படையோடு போய்விட்டதால் ஆதுலசாலைக்கு இப்போது அவளே அதிகாரி.

"நங்கையே! இவன் காலில் வீக்கம் இல்லை, கன்றல் இல்லை. கூச்சல் மட்டும் இருக்கிறது. சுளுக்கு மெய்யானால் ஆறும்வரை கிடக்கட்டும். பொய்யானால் சொல், தலையை எடுத்துவிடுகிறேன்!" என்றார் மழவரையர்.

இளங்காரி இரண்டு வழிகளையும் எண்ணிப் பார்த்தான். பொய் என்றால் தலை போகும். மெய் என்றாலோ அவன் இங்கே கிடப்பான். விடியலில் தூங்கும் நெடுங்குடியின் தலையில் இடி விழும்.

"வணிகரே, பாதம் எப்படி மடங்கியது?" என்று கேட்டாள் பூதி நங்கை.

"உள்பக்கமாக, அம்மணி! உள்ளங்கால் வலது காலைப் பார்த்துத் திரும்பிவிட்டது."

அவள் கணுக்காலின் உள்புறத்தை அழுத்தினாள். "ஐயோ!" என்றான். வெளிப்புறத்தை அழுத்தினாள். "ஐயையோ!" என்றான். குதிகாலுக்கும் விரல்களுக்கும் ஓரவஞ்சனை இல்லாமல் ஆளுக்கொரு அலறல் வழங்கினான். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்ததால், கடைசி அலறலின்போது அவள் கை காலைத் தொடவே இல்லை என்பது அவனுக்குத் தெரியாது.

"மழவரையரே, இப்படிப்பட்ட கால் திடீரென்று உதறும். சென்ற மாதம் யானைப்பாகன் ஒருவன் உதறியதில் கணக்கரின் முன்பல் போயிற்று. சற்று விலகி நில்லுங்கள்."

மழவரையர் மீசையைக் கையால் மூடிக்கொண்டு வாசற்படிவரை பின்வாங்கினார்.

பூதி நங்கை குரலைத் தாழ்த்தினாள். "பாதம் உள்நோக்கி மடங்கினால் முதலில் அறுவது கணுவின் வெளிப்புறத்து நார்கள். மூன்றும் மெலிந்தவை. அவற்றிலும் முன்னால் இருப்பது பரம சாது. முதல் அடியை அதுதான் வாங்கும். உள்புறத்து நாரோ விசிறிபோல் விரிந்து எலும்புகளைப் பிடித்திருக்கும். அது அறுவதற்குள் எலும்பே முறிந்துவிடும். தாங்கள் அந்த இடத்தில்தான் மிக அழகாக அலறினீர்கள்!"

"ஒவ்வொருவர் கால் ஒவ்வொரு விதம், அம்மணி..."

"தங்கள் கால் தனி விதம்தான்" என்று பெருவிரலையும் அடுத்த விரலையும் அவள் பிரித்தாள். "நெடுங்குடியார் சேணத்தில் தொங்கும் வளையத்தில் கால்விரலை நுழைத்துக் குதிரை ஏறுவார்கள். வீரர்களுக்குக் கயிற்று வளையம். தோல் சொரசொரவென்று காய்த்துவிடும். இங்கே வழவழவென்ற தடம். இது வெள்ளி வளையம் பட்ட விரல். வெள்ளி வளையம் அரச குலத்துக்கு மட்டும்தானே? வணக்கம், இளவரசே!"

ஆம், நெடுங்குடி மன்னரின் தம்பிதான் அவன். அதை உங்களிடமும் மறைத்ததற்கு என்னை மன்னிக்க வேண்டும். காலே காட்டிக் கொடுக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"கூப்பிடுங்கள் அவரை" என்றான் இளங்காரி. முதன்முறையாக அவன் குரலில் நடிப்பு இல்லை. "துறை தெரிந்தும் சொல்ல முடியாமல் சாகிறேனே என்பதுதான் வருத்தம்."

அவள் கண்களில் கோபம் பளிச்சிட்டது. "சென்ற போரில் இந்தக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை, இளவரசே! என் கையாலேயே எத்தனை கால்களை அறுத்தேன் தெரியுமா? மருதந்துறையில் உங்கள் படை தீப்பந்தம் ஏந்தி நின்றால் எங்கள் அரசர் திரும்பிவிடுவார். திரும்புகிறவர்கள் மீது ஓர் அம்பும் பாயாது என்று வாக்களியுங்கள்."

"என் குலத்தின் மீது ஆணை!"

"அப்படியானால் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்." அவள் குரலை உயர்த்தினாள். "கண்டுகொண்டேன், மழவரையரே! நடுப்பாதத்தில், சுண்டுவிரல் பக்கமாக, சூதாடும் கவறு போன்ற சதுர எலும்பு ஒன்று உண்டு. அதுதான் மூட்டிலிருந்து நழுவியிருக்கிறது. வீங்காது, வலி மட்டும் பாதமெங்கும் அலையும். தட்டிவிட்டால் இப்போதே நடக்கலாம்!"

பாதத்தைப் பற்றிக் கீழ்நோக்கி ஓர் உதறு உதறினாள். அதே நொடியில் அவளுடைய மற்றொரு கை அவன் பெருவிரலில் சொடுக்கெடுத்தது. படக்! மழவரையர் தம் காலையே பிடித்துக்கொண்டார். இளங்காரி போட்ட கூச்சலில் இம்முறை பொய் எள்ளளவும் இல்லை.

சிறிது நேரத்தில் வாயிற்கல்லை அவன் மிதித்த மிதியில் காவலர்கள் கைதட்டினார்கள். கதவு திறந்தது. விடுதலை கண்ட வேகத்தில் ஆற்றங்கரைக்கு ஓடி ஒரே தாவலாகப் பரிசலில் குதித்தான். உள்ளே கிடந்த துடுப்பின்மேல் இடது கால் விழுந்தது. உள்ளங்கால் வலது காலைப் பார்த்துத் திரும்பியது. கணுவின் வெளிப்புறத்தில், முன்பக்கம், அந்தப் பரம சாது முதல் அடியை வாங்கிக்கொண்டது.

"என்னய்யா வணிகரே, மறுபடியும் கால் பிசகிருச்சா? உள்ள வாங்க, தூக்கிட்டுப் போறோம்!" என்று பரிவோடு ஓடி வந்தார் வாயிற்காவலர். மதில்மேல் மழவரையரின் மீசை தெரிந்தது.

"இல்லை ஐயா! குணமான மகிழ்ச்சியில் ஆடுகிறேன்!" என்று ஒரு கையை உயர்த்தி, ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே மறு கையால் கயிற்றை அவிழ்த்தான் இளங்காரி. கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. ஆதுலசாலைச் சாளரத்தில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பது நிலவொளியில் நன்றாகத் தெரிந்தது.

நடு ஆற்றில், வீங்கத் தொடங்கிய கணுவைப் பற்றிக்கொண்டு அவன் சபதம் செய்தான்: "சமாதானத் தூதனாக நானே திரும்பி வருவேன். அதுவும் இந்தக் கால் ஆறுவதற்குள் வருவேன். ஆறிவிட்டால், அவள் தொடும்போது மறுபடியும் பொய்யாக அல்லவா அலற வேண்டியிருக்கும்!"