வலை ஃபில்டர்

“செத்து ரெண்டு வருசமாச்சு. ஆனா காத்தால உங்கக்காதான் என்னைய கார்ல வெச்சு இங்க ஓட்டிக்கிட்டு வந்தா மாப்ள” என்றார் தர்ஷன்.

பெருந்துறை ரோட்டில் ஆயில் கடை வைத்திருக்கும் பிரணவ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அக்கா புருஷன் ரிட்டயரான நாள்முதல் விட்ட கதைகளை அடுக்கினால் ஈரோட்டிலிருந்து நிலாவுக்கு ஏணி போடலாம். “அளக்காதீங்க மாமா” என்று மட்டும் சொன்னான்.

ஆனால் அதில் பாதி எல்லோருக்கும் தெரிந்த உண்மைதான். இப்போதெல்லாம் எந்த வண்டியிலும் ஓடுவது பழகெண்ணெய். அதில் மிதக்கும் நுண்துகள்கள் ஓட்டுகிறவரின் கைகால் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு, பிறகு தாமே வண்டியை நடத்தும். தர்ஷனுக்கு ஸ்டியரிங் பிடிக்கவே தெரியாது. அதனால் இருபத்திரண்டு வயதான அந்தக் காருக்குள் இருந்தது முழுக்க முழுக்க அவர் மனைவி சஹானாவின் கைதான். வேகத்தடை வருவதற்கு ஒரு ஃபர்லாங் முன்பே தயங்கும். லாரியைக் கண்டால் மரியாதையாக ஒதுங்கும்.

பழகெண்ணெய்க்கு ஆயுள் மூன்று வருஷம். அது நேற்றோடு முடிந்து, சிவப்பு விளக்கு எரிந்தது. மாற்றாவிட்டால் எண்ணெயோடு எஞ்சினும் போய்விடும். வடித்துப் பத்திரப்படுத்தவும் வழியில்லை, காற்றுப் பட்டால் துகள்கள் செத்துவிடும்.

பிரணவ் டப்பாக்களை எடுத்து வைத்தான். தேய்ந்த எஞ்சினுக்குத் தண்ணீர்போல் ஓடும் புது ரகம் ஆகாது, கெட்டியானதுதான் சரி. காகித ஃபில்டர் போட்டால் இன்னும் அஞ்சு வருஷம் ஓடும் என்றான். தர்ஷனின் விரலோ மூலையில் கிடந்த வலை ஃபில்டரைத் தொட்டது. வண்டியில் இப்போது இருப்பதும் அந்த ரகம்தான். எஞ்சினுக்குள் வடியாமல் ஒட்டிக்கிடக்கும் பழைய துகளில் கொஞ்சத்தைப் பிடித்துப் புது எண்ணெய்க்குக் கொடுக்கும். ஆனால் பழைய கசடையும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும்.

“தேஞ்சு போன இந்த வயசுல மறுபடி அத மாட்டுனா எஞ்சின் ஒரு மாசத்துல மூச்சடைச்சுப் போயிருமுங்க” என்றான் பிரணவ்.

“அப்ப வடிக்கறதுக்கு முன்னால ஒருக்கா ஏறி உக்காரு. வெள்ளிக்கெழம சந்தைக்குப் போறப்பல்லாம் உன்ற ஊட்டு வாசல்ல நின்னுட்டுத்தான் போறா.”

பிரணவின் முகம் சுருங்கியது. அவன் மகள் கல்யாணப் பத்திரிகையில் அக்காவின் பெயர் விட்டுப்போய் ஐந்து வருஷம் ஆகிறது. அச்சுப் பிழை என்று அவன் சொன்னதை அவள் நம்பவில்லை. அவனும் இரண்டாவது முறை போய்ச் சொல்லவில்லை. சாகும்வரை அவள் அவன் தெருப்பக்கம் தலைகாட்டவில்லை என்றுதான் ஊரே பேசியது.

மாமாவின் புளுகை உடைக்கவே ஏறினான். பக்கத்தில் உட்கார்ந்த தர்ஷன் சந்தை என்று சொன்னதும் வண்டி கிளம்பியது. நேர்வழியை விட்டு இடதுபக்கம் திரும்பியது. ஃபில்டர் அடைப்பில் தடுமாறுகிறது என்றான் பிரணவ். வண்டி அவன் தெருவுக்குள் நுழைந்து, அவன் வீட்டுக் கேட்டுக்கு எதிரே நின்றது.

டாஷ்போர்டுக்குள் ஹாரனை இயக்கும் ரிலே ‘டிக்’ என்றது. சத்தம் வரவில்லை. மறுபடி ‘டிக்’. ஹாரன்மேல் கைவைத்து, அழுத்தாமலே எடுத்துவிடுகிற ஒருத்தியின் கை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு வண்டி நகர்ந்தது.

பிரணவுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தடவை செய்ததைப் பழகெண்ணெய் கற்றுக்கொள்ளாது. ஒரே இடத்தில் நாற்பது தடவையாவது நின்றிருக்க வேண்டும். இதை வாடிக்கையாளர்களுக்குத் தினமும் சொல்வது அவன்தான்.

கடைக்குத் திரும்பியதும் ஸ்பேனரோடு வண்டிக்கடியில் போய்ப் படுத்தான். மரை கழன்று, கறுத்த எண்ணெய் தட்டில் விழத் தொடங்கியது.

“அந்த வலை ஃபில்டர எடுங்க மாமா.”

“ஒரு மாசந்தான்னியே மாப்ள?”

“ஒரு மாசம் இருக்குதுல்லீங்க.”

தர்ஷன் குனிந்து அதை நீட்டினார். அடியிலிருந்து எண்ணெய் படிந்த கை மட்டும் வெளியே வந்து வாங்கிக்கொண்டது. முகம் தெரியவில்லை.

“நீங்க அளக்கலீங்க மாமா” என்றது குரல். “அக்கா வந்துட்டுத்தான் போயிருக்குது.”