பக்கக் கண்ணாடியில் ஒரு வெளிச்சம்

"ஐயோ... கவனம்!" என்று தமிழில் கத்திக்கொண்டு ஓடி வந்தான் ஒருவன்.

"தொடாதேங்கோ!" என்று அவளும் தமிழிலேயே கத்தினாள்.

தூக்கிவிட நீண்ட அவன் கைகள் அந்தரத்தில் நின்றன. மழையில் நனைந்த, கார்கள் ஏற்றும் கப்பலின் தளம். அதன் மேல் சரிந்து கிடந்தது தனுஷியாவின் வாடகை மோட்டார் சைக்கிள். முழங்கை எரிந்தது. பின்னால் வரிசையாக நின்ற கார்களில் இருந்தவர்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். பார்க்கட்டும்! லண்டன் பிளேஸ்டோ வைத்தியநாதனின் மகள் நாலு பேர் பார்க்க விழலாம். நாலு பேர் தூக்கிவிட எழும்ப மாட்டாள்.

"இருநூறு கிலோ. தனிய ஏலாது," என்றான் அவன்.

அவள் கையுறையை இழுத்து மாட்டினாள். மோட்டார் சைக்கிளுக்கு முதுகைக் காட்டிக் குந்தினாள். ஹாண்டிலை ஒரு கையாலும் சீற்றின் அடியை மற்றக் கையாலும் பிடித்தாள். கால்களை ஊன்றிப் பின்பக்கமாகத் தள்ளினாள். ஒரு மூச்சு... இரண்டு மூச்சு... அது எழும்பி நின்றது.

கூட வந்த தோழி ஷோபா கைதட்டினாள். அவன் மட்டும் அசையாமல் நின்றான். இமைகளில் மழைத்துளி. அதற்குள்ளே சிரிக்கிற இரண்டு கண்கள்...

"என்ன பாக்கிறியள்?"

"விழுந்த ஆளிட்டை இவ்வளவு எடுப்பையும் மிடுக்கையும் நான் எங்கயும் கண்டதில்லை. அதுதான்."

அவன் பெயர் கீர்த்தனன். அவனும் அவர்களைப் போல வார இறுதிக்கு லண்டனிலிருந்து இந்த வடதேசத்து மலைகளுக்குப் பறந்து வந்தவன்தான், சிநேகிதன் டெனுசனோடு. அக்கரையில் இறங்கியதும் நாலு பேரும் ஒன்றாய்ப் போவோம் என்று ஷோபா முடிவெடுத்துவிட்டாள். தனுஷியாவை யார் கேட்டார்கள்?

மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறியது. கீழே, இரு மலைகளுக்கு நடுவில் நுழைந்த கடல், கரும்பச்சைப் பட்டாய் மடிந்து கிடந்தது. பாறைகளிலிருந்து அருவிகள் வெள்ளைக் கோடுகளாய் விழுந்தன. பாதி ஏறுவதற்குள் பனிப்புகார் இறங்கி எல்லாவற்றையும் மூடிவிட்டது. ஷோபாவும் டெனுசனும் முன்னால் போய் மறைந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் அவள் பிரேக்கை அழுத்தினாள். விழுந்த பயம் இன்னும் கைகளை விட்டுப் போகவில்லை.

பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். ஒரு வெளிச்சம்.

அடுத்த வளைவிலும் அது இருந்தது. முந்தவில்லை, நெருக்கவில்லை. அவள் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது...

உச்சியில் ஆனி மாதத்திலும் ஆளுயரத்துக்குப் பனி. பிளாஸ்கிலிருந்து தேநீரை ஊற்றி அவனிடம் நீட்டினாள், தனக்கும் ஊற்றிக்கொண்டாள்.

"ஏன் முந்திப் போகேல்லை?"

"முந்தினா நீங்கள் வேகத்தைக் கூட்டியிருப்பியள். உங்கட எடுப்பு விட்டிருக்காது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரே நாளில் ஒருவன் இவ்வளவு தெரிந்துகொள்ளலாமா? கன்னம் சூடேறியது, குளிர் காற்றிலும்.

"லண்டனில எவடம்?" என்று கேட்டாள்.

"வால்தம்ஸ்டோ. அப்பா சண்முகராசா. முந்தி மனோர் பார்க்கில இருந்தவர்."

தேநீர்க் கோப்பை அவள் கையில் நின்றுபோனது.

சண்முகராசா! லண்டனுக்கு வந்த புதிதில் அப்பாவோடு ஒரே அறையில் படுத்து, ஒரே குளிர் அங்கியை மாறிமாறிப் போட்டு வேலைக்குப் போனவர். அப்படிப்பட்டவர் தன் மகளின் கலியாணத்துக்கு ஊரெல்லாம் வீடு வீடாகப் போய்க் கையில் கார்ட் கொடுத்தார். அப்பாவுக்கு மட்டும் தபாலில் வந்தது. அப்பா அந்த உறையை உடைக்கவேயில்லை. கலியாணத்துக்கும் போகவில்லை. ஏழு வருடமாகப் பேச்சில்லை.

அப்பாவின் தலை குனிந்து அவள் கண்டது அந்த ஒரு நாள்தான்.

விசயத்தைச் சொன்னாள். கீர்த்தனன் கோப்பையைக் கீழே வைத்தான். பிறகு மெல்ல, "இது எனக்குத் தெரியாது... அதுக்கு நாங்கள் என்ன செய்யலாம்?" என்றான்.

"உங்கட அப்பா அந்தக் கலியாணக் கார்ட் ஒண்டைக் கொண்டுவந்து எங்கட வாசல்ல நிண்டு குடுக்கட்டும். அதுவரைக்கும் என்ர நம்பரைக் கேக்காதேங்கோ."

"அக்காவுக்கு இப்ப ரெண்டு பிள்ளையள்!"

"இருக்கட்டுமே."

ஹெல்மெட்டுக்குள் கண்கள் நிறைந்ததை அவள் ஒருவருக்கும் காட்டவில்லை.

மூன்று வாரம் போனது. அவள் யாரையும் விசாரிக்கவில்லை. தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் மட்டும், கை வேலையை மறந்துவிடும்...

நாலாவது ஞாயிறு, காலை பத்து மணி. மணி அடித்தது. கதவைத் திறந்த வைத்தியநாதன் அப்படியே நின்றார். வாசலில் சண்முகராசா, வேட்டி சால்வையோடு. கையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, குங்குமம், அன்று மிஞ்சிய, மஞ்சள் பூசிய பழைய கார்ட்.

"வைத்தி... அப்ப கலியாணத்துக்கு முந்தின கடைசிக் கிழமை, ஓட்டமெண்டா ஓட்டம். மற்றவை குறை நினைப்பினம் எண்டு அவையளிட்டை ஓடினன். நீ எங்கட ஆள்தானே, நினைக்கமாட்டாய் எண்டு தபால்ல போட்டிட்டன். பிழை என்ரதடா. பிறகு வந்து சொல்ல என்ர வீம்பு விடேல்லை. மகளின்ர கலியாணம். குடும்பத்தோட வரவேணும்."

வெளியே தூறிக்கொண்டிருந்தது. தனுஷியா படிக்கட்டில் நின்று பார்த்தாள்.

வைத்தியநாதன் இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கார்ட்டை முதல் எழுத்திலிருந்து கடைசிவரை வாசித்தார்.

"முகூர்த்தம் ஒன்பதரைக்காம். கொஞ்சம் பிந்திப்போனம், மச்சான்."

அவ்வளவுதான். இரண்டு கிழவர்களும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். அப்பாவின் முதுகு எவ்வளவு நிமிர்ந்திருந்தது! அவளுக்கு அது போதும்.

அவள் வெளியே வந்தாள். மழையில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி கீர்த்தனன்.

"மூண்டு கிழமை சாப்பாட்டு மேசையில கெஞ்சினன். நான் கெஞ்சி அப்பா மசியிற ஆளில்லை. நீங்கள் மோட்டார் சைக்கிளைத் தனிய எழுப்பின கதையைச் சொன்னன். 'வைத்தியின்ர பெட்டையெல்லோ' எண்டு எழும்பி வேட்டியைத் தேடினார். இப்ப நம்பர் கேக்கலாமோ?"

"கேக்க முதல் நான் ஒண்டு சொல்லோணும்." குரல் தணிந்தது. தலை மட்டும் நிமிர்ந்தே இருந்தது. "அண்டைக்கு அந்த மலையை நான் தனிய ஏறேல்லை... உங்கட வெளிச்சத்தைக் கண்ணாடியில பாத்துப் பாத்துத்தான் ஏறினனான். இனியும் அது தெரியவேணும் எனக்கு."

அவன் கண்கள் சிரித்தன, அதே மழைத்துளியோடு.

"பின்னால வாறன், தனு. எவ்வளவு தூரமெண்டாலும்."

"பின்னால ஏன்?" என்றாள் அவள். "பக்கத்தில வாங்கோ."