இரண்டு தாய்மார், ஒரு கல்லறை

கட்டுகஸ்தோட்டையில் ஹிதாயா நடத்தும் போட்டோக்கொப்பிக் கடைக்குள், விரலில் மெழுகு காயாமலே ஐரின் வந்தாள்.

"என் மகன் கல்லறையில இன்னொருத்தி அழுவுறா சேர்! எட்டாம் நம்பர் அவ மகளோடதாம். கல்லறைத் திருநாளுக்கு ரெண்டு பேரும் ஒரே இடத்துல மெழுகுதிரி கொளுத்த நிக்கிறோம். அப்ப நான் யாரு புள்ளைக்கு அழுதேன்?"

கதிரையில் இருந்த ராஜலிங்கம் காணிக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். தொலைந்த காணி உறுதிப் பத்திரங்களைக் கண்டுபிடித்தே துப்பறிவாளர் என்று பெயர் வாங்கியவர்.

"இடம் உங்களுக்கே அடையாளம் தெரியாதா அம்மா?"

"நாலு வருசத்துக்கு முந்தி மண் சரிஞ்சு சிலுவையெல்லாம் போயிருச்சு. பிறகு வரிசையா நம்பர் கல்லு நட்டு, பதிவப் பாத்து அவங்கவங்க இடத்தச் சொன்னாங்க." பதிவுப் பக்கத்தின் பிரதியை நீட்டினாள். "திகதியும் பிழை சேர். பதினாறாம் திகதி அடக்கினோம், பதினெட்டுன்னு கிடக்கு."

"டைப் அடிச்சவர் தூங்கிட்டார் போல," என்றாள் ஹிதாயா.

"தூக்கத்துல இவ்வளவு ஒழுங்கு வராது மகள். இந்தப் பக்கத்துல எங்கயாவது ஆறுங்கிற இலக்கம் இருக்கா பாருங்க."

ஹிதாயா மேலிருந்து கீழாக விரலை ஓட்டினாள். ஒன்றுகூட இல்லை.

ராஜலிங்கம் மயானக் காரியாலயத்துக்குத் தொலைபேசி எடுத்தார். பதிவுப் புத்தகத்தைக் கறையான் அரித்ததால் ஸ்கேன் செய்தார்களாம். கோப்பு பெரிதாம், முடிந்த மட்டும் சுருக்கினார்களாம். பிறகு புத்தகத்தை எரித்தும் விட்டார்களாம். கறையானைக் குறை சொல்ல முடியாது, அதுவாவது பசிக்குத் தின்றது.

"அளவுக்கு மீறிச் சுருக்கினா, கம்ப்யூட்டர் ஒரே மாதிரித் தெரியிற எழுத்துல ஒண்ண மட்டும் வச்சுக்கிட்டு, மற்ற இடத்துலயும் அதையே ஒட்டிடும். மங்கின ஆறெல்லாம் எட்டாயிருச்சு," என்றார் தொலைபேசியை வைத்துவிட்டு.

"பெரிசாக்கினா ஆறு திரும்பி வராதா சேர்?" என்று ஹிதாயா கேட்டாள்.

"வராது. வீசினது வீசினதுதான். ஆனா வரிசைய அதால அழிக்க முடியல. குழிய ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா வெட்டி, அதே ஒழுங்குல பதிஞ்சிருக்காங்க. அஞ்சு, எட்டு, ஏழு, எட்டு. அஞ்சுக்கும் ஏழுக்கும் நடுவுல எட்டுக்கு என்ன வேலை? அந்த வரியில இருக்கிறது உங்க மகன் பேரு." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவர் இருக்கிறது ஆறுல அம்மா."

மூவரும் மயானத்துக்குப் போனார்கள். ஆறாம் கல்லைப் புல் மூடியிருந்தது. ஒரு சொட்டு மெழுகுகூட அங்கே விழுந்திருக்கவில்லை.

"பக்கத்துலதானே கிடந்த ராசா! நாலு வருசம் உன்ன இருட்டுல போட்டுட்டனே!" ஐரின் புல்லின் மேலேயே விழுந்து அழுதாள்.

எட்டாம் கல்லடியில் நின்ற றேணுகா, வெளிநாட்டில் வீட்டுவேலை செய்துவிட்டு இந்த வருடம்தான் திரும்பியவள். விஷயத்தை ஹிதாயா சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. வந்து ஐரின் பக்கத்தில் குந்தினாள்.

"நான் இல்லாத நாலு வருசமும் என் மகளுக்குத் திரி கொளுத்தினது நீங்கதானா அக்கா?"

றேணுகா தன் கையிலிருந்த திரியை ஐரினிடம் கொடுத்துவிட்டு, ஆறாம் கல்லை மூடியிருந்த புல்லைப் பிடுங்கத் தொடங்கினாள்.