கால் தெரிய வேண்டும்

மதியம் ஒரு மணிக்குப் பனித்தளம் காலியாகிவிடும். காலை வகுப்புப் பிள்ளைகள் சாப்பிடப் போய்விடுவார்கள். பனியைச் சமப்படுத்தும் வண்டி ஒரு சுற்று ஓடி ஓய்ந்துவிடும். பிறகு ஈர ரப்பர் பாயின் வாடையும், கூரைக்கு மேல் எங்கோ குளிர் இயந்திரத்தின் முனகலும் மட்டும் மிஞ்சும். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் மாஸ்டர் என் தங்கையின் ஸ்கேட்டிங் டெஸ்ட்டுக்குக் கேட்டு வாங்கியிருந்தார்.

நடுவர்கள் வேறு ஊரில். வீடியோவைப் பார்த்துத்தான் தேர்ச்சி சொல்வார்கள்.

"ஒரே ஷாட்," என்று போனை என் கையில் கொடுத்தார் மாஸ்டர். "நடுவுல நிறுத்தக் கூடாது. கால் எப்பவும் தெரியணும். தெரியலேன்னா டெஸ்ட்டே செல்லாது. அவ எங்க திரும்புவான்னு உனக்குத்தான் மனப்பாடமாச்சே."

மனப்பாடம்தான். ஆறு வருஷம் பழகி, இதே டெஸ்ட்டில் மூன்று முறை தோற்றவள் நான். ஒற்றைக் காலில் முன்னால் வந்து, சட்டென்று பின்பக்கமாகத் திரும்பும் அந்த ஒரு திருப்பத்தில் என் மறுகால் பனியில் ஊன்றிவிடும். மூன்றாம் முறை தோற்ற அன்று என் ஷூ நாடாவைக் கத்திரிக்கோலால் வெட்டி, ஷூவைப் பெட்டியில் போட்டு, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

என் தங்கை வாண்டு பழகுவது இரண்டே வருஷம். இதில் ஜெயித்தால் வெளியூர்ப் பயிற்சிப் பள்ளியில் இடம். அப்பா இப்போதே அவளுக்குச் சூட்கேஸ் வாங்கிவிட்டார்.

"கண்ணு போட்டுடாதே அக்கா," என்று சிரித்துவிட்டுப் பனிக்குள் இறங்கினாள். வெள்ளை வெளேரென்று புது நாடா.

இசை தொடங்கியது. அவள் மிதந்தாள். திரையில் அவளைப் பிடித்தபடியே நகர்ந்தேன்.

திருப்பம் நெருங்கியது.

போனை மெல்ல மேலே சாய்த்தேன். கால்கள் திரையிலிருந்து நழுவின. இடுப்பும் முகமும் மட்டும் இருந்தன. கை நடுங்கிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

அப்போது கேட்டது. சரக். அதன் பின்னாலேயே, அரை நொடி தள்ளி, இன்னொரு சரக்.

பனியில் இருந்தவள் ஒருத்திதான்.

முடித்து வந்தவளின் கண் கலங்கியிருந்தது. "போச்சு அக்கா. திருப்பத்துல கால் ஊனிட்டேன்."

மாஸ்டர் வீடியோவை ஓட்டிப் பார்த்தார். "எங்கடி ஊனின? சுத்தமா இருக்கே!"

எட்டிப் பார்த்தேன். நான் திரையிலிருந்து நழுவவிட்ட கால்கள் அதில் முழுசாக இருந்தன. ஒற்றைக் காலில் வந்தன. திரும்பின. மறுகால் பனியைத் தொடவே இல்லை.

நாடா அழுக்கு வெள்ளை.

நடுவில் ஒரு முடிச்சு.

"நல்லா எடுத்திருக்கே," என்றார் மாஸ்டர். அவர் பார்வைக்கு நாடா தப்பிவிட்டது. நாடாவைக் காட்டினால், நான் போனைச் சாய்த்ததையும் சொல்ல வேண்டியிருக்கும்.

நான்காம் நாள் பதில் வந்தது. அப்பா சத்தமாகப் படித்தார். "தேர்ச்சி. குறிப்பாக அந்தத் திருப்பம் மிக அழகு. பல வருட உழைப்பு தெரிகிறது."

அம்மா வாண்டுவைக் கட்டிக்கொண்டாள். பல வருடமாம். அந்த வருடங்கள் யாருடையவை என்று எனக்குத் தெரியும். சொன்னால் யார் நம்புவார்கள்? எழுந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தேன். மூடியில் தூசி கலையவே இல்லை. திறந்ததும் பனித்தளத்தின் குளிர் முகத்தில் அடித்தது.

நான் வெட்டிய இடத்தில் நாடாவில் முடிச்சு விழுந்திருந்தது. ஷூவின் அடியில் பிளேடு முழுக்கப் புதுப் பனித்தூள். விரலால் தொட்டேன். கரையவில்லை.

"அக்கா!" கூடத்திலிருந்து வாண்டு கத்தினாள். "அடுத்த டெஸ்ட்டையும் நீதான் எடுக்கணும், சரியா?"

நான் பதில் சொல்வதற்குள், பெட்டிக்குள் நாடா மெல்ல இறுகியது.