வழிய விடாத தண்ணீர்

சோற்றுப்பானை கழுவிய நீரைச் செலின் வடிகலத்தில் ஊற்றினாள். கலம் அதைச் சுத்தமாக்கிப் பங்குத்தொட்டிக்கு அனுப்பியது. அந்த ஊரில் எல்லா வீட்டுக் காலையும் இப்படித்தான். தெருவெங்கும் ஈரத்தை வேவு பார்க்கும் ஈரக்கண்கள். தரையில் கையகல ஈரம் தெரிந்தால் போதும், அந்த வீட்டின் குடிநீர்ப் பங்கு வெட்டு. எச்சில் துப்பவே யோசிக்கிற சனம்!

கொழுந்தன் ரொசாரியோ மூச்சிரைக்க ஓடிவந்தான். "மதினி, அண்ணன் உப்பளத்துல சுருண்டு விழுந்துட்டாரு. உடம்பு அனலாக் கொதிக்குது!"

வெயில் தாக்கியவனைக் குளிர்மனையில் கிடத்தினால் பிழைப்பான். குளிர்மனை வண்டி அனுப்பாது. கொண்டுபோய்ப் போட்டால் பார்க்கும், அவ்வளவு தயவு. நல்லவேளையாக வீட்டில் வண்டி இருந்தது. இந்தச் சூட்டில் மின்வண்டிகளின் மின்கலங்கள் வீங்கி வெடித்ததால், பழைய எஞ்சின்களே பனஞ்சாராயம் குடித்துக்கொண்டு மறுபடி ஓடின. முந்தின நாள்தான் செலின் வண்டியின் ரேடியேட்டர் தண்ணீரை மாற்றியிருந்தாள்.

உப்பளத்தில் கிடந்தவனை ஏற்றிக்கொண்டு ரொசாரியோ ஓட்டினான். பின்சீட்டில் செலின் கணவன் பிரிட்டோவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, இருந்த ஒரே ஒரு குடுவை நீரை அவன் உதட்டில் சொட்டுச் சொட்டாக விட்டாள். பாதி வழியில் வெப்ப ஊசி சிவப்பைத் தொட்டது. வண்டியை நிறுத்திப் பானெட்டைத் திறந்தார்கள்.

"ஃபேன் ஓடுது. தண்ணி நிறைஞ்சிருக்கு. எஞ்சின் கொதிக்குது, ஆனா ரேடியேட்டர்ல சூடே ஏறல. தண்ணி ஓட விடாம உள்ள காத்து அடைச்சிருக்கு மதினி. தண்ணி மாத்தினப்ப மேல இருக்கிற காத்து வெளியேத்துற திருகைத் திறந்தீங்களா?"

"திறந்தேனே."

"குமிழி நிக்கிற வரைக்கும் தண்ணிய வழிய விட்டீங்களா?"

நேற்று திருகின் ஓரம் ஒரு சொட்டு எட்டிப் பார்த்ததுமே அவள் விரல்கள் பதறி மூடிவிட்டன. கிண்ணம் வைத்துப் பிடிக்க முடியாத இடுக்கு அது. பிறந்தது முதல் ஒரு சொட்டும் சிந்தாத கை, எப்படி வழிய விடும்?

"சிந்திடுமேன்னு... மூடிட்டேன்."

ரொசாரியோ அவளைத் திட்டவில்லை. அவனும் அதையேதான் செய்திருப்பான். சூடு கொஞ்சம் தணியும்வரை காத்திருந்து திருகைத் திறந்தான். காற்று சீறியது, தண்ணீர் எஞ்சின்மேல் வழிந்து சாலையில் ஓடியது. சாலையோர ஈரக்கண் சிவந்து கத்தியது. செலின் மூடப் போன கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"காத்துப் போன இடத்துக்குத் தண்ணி ஊத்தணும் மதினி. இல்லேன்னா இங்கேயே கிடக்க வேண்டியதுதான்."

இருந்தது அந்தக் குடுவை மட்டும். பின்சீட்டிலிருந்து பிரிட்டோ, "செலின்... தண்ணி" என்றான்.  "இந்தா, வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே குடுவையை ரேடியேட்டரில் கவிழ்த்தாள்.

வண்டி கிளம்பியது. பிரிட்டோ இன்னும் இரண்டு முறை தண்ணீர் கேட்டான். அவள் வெறுங்கையால் அவன் உதட்டைத் தடவினாள். குளிர்மனையின் வெள்ளைக் கோபுரம் தூரத்தில் தெரிந்தபோது அவன் கேட்பதை விட்டுவிட்டான். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். அழுத்தி வைத்துப் பார்த்தாள். நேற்று ஒரு கிண்ணம் தண்ணீரைத் தரையில் ஓட விட்டிருந்தால் இவன் இருந்திருப்பான்.

முன்சீட்டில் ரொசாரியோவின் முகம் மலர்ந்திருந்தது. "ஊசி இறங்கிருச்சு மதினி! இனி எவ்வளவு தூரம்னாலும் போகும்."

செலின் பிரிட்டோவின் கண்களை மூடிவிட்டாள்.