மோரில் கரைத்த களி

ஆஞ்சப்பன் துப்பாக்கியைத் தோளில் பொருத்திவிட்டான். குறி, சங்கிலியில் நின்ற மேஜர். கன்றுக்குட்டி அளவுக் காவல் நாய். அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள் சமையல்காரி கெம்பம்மா.

"தள்ளுடி! எங்கண்ணனைக் கொன்ன நாய்க்கு என்னாத்துக்கு ஒப்பாரி? சங்கிலிய அவுத்து வுட்டவளே நீதான். உனக்கும் இருக்குது ஜெயிலு!"

"பேடப்பா, வேணாம், சுடாதீங்க! நான் அவுக்கலீங்க!"

பாய்ந்து வந்த உதவியாளன் கோவிந்தன் துப்பாக்கிக் குழலைத் தட்டினான். குண்டு கூரை ஓட்டைப் பெயர்த்தது. பின்னால் நிதானமாக வந்தார் துப்பறிவாளர் முனிராஜ். விடிந்ததுமே ஓசூருக்கு ஆளனுப்பி அவர்களைத் தளிக்கு வரவழைத்தவள் கெம்பம்மாதான்.

களத்தில் சாக்குக்கடியில் ஆஞ்சப்பனின் அண்ணன் ராஜப்பன் கிடந்தார். கழுத்து கிழிந்திருந்தது. நாயின் மோவாயெல்லாம் உறைந்த ரத்தம்.

"நாய் வாயே சாட்சி சொல்லுதே சார்!" என்றான் கோவிந்தன்.

"ஆமாம், வாய்தான் சாட்சி. பொறு." முனிராஜ் திரும்பினார். "ஆஞ்சப்பா, கண்ணால பார்த்தீங்களா?"

"பார்த்தேனுங்க. நான் உள்ள நுழையறேன், பாஞ்சு கவ்வுச்சு. பல்லு எறங்கின சத்தம் இன்னும் காதுலயே கெடக்குது."

"கெம்பம்மா, நாய்க்குத் தீனி வைக்கிறது யாரு?"

"எசமானருங்க மட்டுந்தான். மத்திகிரி தொரை கப்பலேறுறப்பக் குடுத்த நாயி. பத்து வருசமாச்சு. ஒருத்தரையும் கிட்ட வுடமாட்டாரு. இன்னிக்குப் புடிச்சுக் கட்டறப்பத்தான் நானே தொடுறேன். மின்னெல்லாம் களி உருண்டை, எலும்பு. இப்ப ரெண்டு வருசமா களிய மோருல கரைச்சுத் தரச் சொன்னாரு. ஏன்னு கேட்டா, வாய மூடுன்னுட்டாரு."

"இவர் அடிக்கடி வருவாரா?"

"கெணத்துப் பங்குக்குச் சண்டை போட்டுப் போயி மூணு வருசமாச்சுங்க. இன்னிக்குத்தான் வந்தாரு."

முனிராஜ் சுற்றிலும் பார்த்தார். மூலையில் ஒரு பழைய எலும்பு, கீறல்கூட விழாமல் எறும்பு மொய்த்துக் கிடந்தது. சுவரோரம் களைக்கொத்துகள் புழுதி படிந்து சாய்ந்திருந்தன. ஒன்று மட்டும் கழுவிய ஈரத்தோடு.

"கோவிந்தா, இந்தத் தோட்டத்துக்குக் காவல் நாயில்லை, நாய்மேல் ஊருக்கிருந்த பயம். அது போய்விடக் கூடாதென்றுதான் ராஜப்பன் யாரையும் நெருங்க விடவில்லை. தம்பிக்கும் தெரியாது. அண்ணனைக் களைக்கொத்தால் வெட்டிவிட்டு, பழியை நாய்மேல் போடச் சங்கிலியை அவிழ்த்திருக்கிறார்."

"அப்ப அந்த ரத்தம்?"

"எஜமான் எழுந்திருக்கவில்லையே என்று நக்கிப் பார்த்திருக்கிறது, பாவம்."

ஆஞ்சப்பன் பின்னால் நகர்ந்தான். கோவிந்தன் வழியை மறித்தான்.

முனிராஜ் மண்டியிட்டு, மேஜரின் கனத்த உதட்டை மெல்லத் தூக்கிப் பிடித்தார்.

உள்ளே ஒரு பல்கூட இல்லை.